ஐஸ் ஹாக்கியில் இருபது நிமிடம்

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது டிவியில் விரிந்த வெள்ளைத் தரையும், அதன் முன் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணனும்.

அன்று அப்பாவின் திதி. ஏழு மணிக்குள் திருவையாற்றுப் படித்துறையில் இருக்க வேண்டும். தஞ்சாவூர் வீட்டிலிருந்து காரில் அரை மணி. மூத்த மகன் கையால் ஒருமுறைகூட எள்ளும் தண்ணீரும் விழவில்லை என்பது அம்மாவின் குறை. கனடாவில் இருக்கும் அண்ணன், டிசம்பரில் லீவு கிடைக்காது என்று வருடாவருடம் போனில் சொல்வார். நான் திதி கொடுப்பேன். இந்த முறை வந்துவிட்டார்.

ஓடிக்கொண்டிருந்தது இருபது வயதுக்குட்பட்டோரின் உலக ஐஸ் ஹாக்கிப் போட்டி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடியும். முழுக்க மார்கழி. பத்திரிகை வேலையில் விளையாட்டுப் பக்கத்தைக் கவனித்துவந்தபோது அதன் முடிவுகளை நான்கு வரியில் போட்டிருக்கிறேன். நான்கே அதிகம்.

அம்மா காபி கொண்டுவந்ததும் அண்ணன் வரலாறு சொல்ல ஆரம்பித்தார். எழுபதுகளில் தொடங்கியதாம். கொரோனாவில் ஒரு முறை பாதியில் நிறுத்தி, ஆகஸ்டில் மறுபடி முதலிலிருந்து நடத்தினார்களாம். எண்பத்தேழில் கனடாப் பையன்களும் சோவியத் பையன்களும் ஆட்டத்துக்கு நடுவே அடித்துக்கொண்டார்கள். விலக்க முடியாமல் அரங்கத்து விளக்குகளையே அணைத்தார்கள். இரண்டு அணிகளையும் போட்டியைவிட்டு நீக்கினார்கள்.

"இருட்டுலயுமா அடிச்சிக்கிட்டானுவ?" என்றார் அம்மா.

"ஆமாம்மா. இந்தப் போட்டிய ஹாலிஃபாக்ஸ்ல நேர்ல பாத்தப்ப பக்கத்து சீட்டுக்காரர் சொன்னாரு. ஒட்டாவாவுக்கும் போயிருந்தேன். என்னா கூட்டம்ங்கிற!"

இரண்டும் லீவு கிடைக்காத வருடங்கள்.

"லீவே இல்லேன்னீங்களே அண்ணே?"

"பேப்பர்காரன் புத்தி போவுதா பாரு," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மேட்ச் பாக்க மட்டும் தனி லீவா?"

"நிறுத்துங்கடா," என்றார் அம்மா. "குளிச்சிட்டுக் கெளம்புப்பா. ஐயருக்கு இன்னிக்கு வரிசையா ஆளுங்க."

"கடைசி பீரியட்மா. இருபதே நிமிஷம்."

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எள், தர்ப்பை, பச்சரிசி மாவு எல்லாம் இருந்த பையை எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்துவிட்டார். இந்த விளையாட்டில் ஆட்டம் நிற்கும்போதெல்லாம் கடிகாரமும் நிற்கும். இருபது நிமிடம் என்பது முக்கால் மணி நேரம். எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. அண்ணனே மாட்டிக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

ஆறே முக்காலுக்கு உள்ளே போய்ப் பார்த்தேன். இன்னும் நாலு நிமிட ஆட்டம் பாக்கி. இரு அணிகளும் சமம்.

"நீங்க போங்க. பின்னாடியே ஆட்டோல வர்றேன்," என்றார்.

நான் காரை எடுத்தேன். படித்துறையில் ஐயர், "மூத்தவர் வந்துடுவாரா?" என்று கேட்டார். வருவான் என்றார் அம்மா. பத்து நிமிடம் பார்த்தோம். அடுத்த குடும்பம் படியிறங்கி வந்து நின்றது. ஐயர் என்னைப் பார்த்து, "உக்காருங்க," என்றார்.

எல்லாம் முடிந்து கரையேறியபோது ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் வேட்டி கட்டிக்கொண்டு ஈரத்தலையோடு இறங்கினார்.

"முடிஞ்சிடுச்சா? மேட்ச் எக்ஸ்ட்ரா டைமுக்குப் போயிடுச்சும்மா." பிறகு என் பக்கம் திரும்பினார். "இருபது நிமிஷம்னா எவ்வளவு ஆவும்னு உனக்குத் தெரியும்ல? சொல்ல வேண்டியதுதானடா அம்மாகிட்ட?"

"உனக்குத் தெரியுமா?" என்றார் அம்மா என்னிடம்.

"தெரியும்."

அம்மா பையை எடுத்துக்கொண்டு அந்த ஆட்டோவில் ஏறித் தனியாகத் தஞ்சாவூருக்குத் திரும்பினார்.