ஒரு வாய் பிரசாதம்

2008-இல் என் மகளுக்கு ஏழு வயது. கடலூரில் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி எங்கள் வீடு. வருஷம் முழுக்க அவளுக்கு மூக்கடைப்பு, சளி, தலைவலி. வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாள். மாதக்கணக்கில் மருந்து கொடுத்தும் கேட்காமல், கடைசியில் சிதம்பரத்தில் ஒரு டாக்டர் சைனஸ் ஆபரேஷன்தான் வழி என்றார்.

நான் அவரை லேசில் விடவில்லை. "கண்ணுக்குப் பக்கத்துல கத்தி வெக்கிறீங்களே, பார்வைக்கு ஒண்ணும் ஆவாதே? மூளைக்கு?"

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேம்மா. ரொம்ப அபூர்வம். அதுக்குத்தான் இவ்ளோ படம் எடுத்துப் பாக்குறோம்."

அந்த அபூர்வம் என் பிள்ளைக்கே வந்தால்?

ஆபரேஷனுக்கு முதல் நாளே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். "நைட்டு பன்னெண்டு மணிக்கு மேல பச்சத் தண்ணிகூடக் கூடாது" என்று நர்ஸ் சொன்னதற்கு நன்றாகவே தலையாட்டினேன். விடிந்ததும் கோயிலுக்கு ஓடி, அவள் பேருக்கு அர்ச்சனை செய்து, தொன்னையில் சர்க்கரைப் பொங்கலோடு திரும்பினேன். கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். சாமி பிரசாதத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்? பசியில் முகம் வாடியிருந்த பிள்ளை, ஒரு வாய்க்கு மூன்று வாயாக வாங்கிக்கொண்டாள். எனக்கு உறுத்தல் இல்லாமல் இல்லை. இல்லாவிட்டால், "யார்கிட்டயும் சொல்லாத" என்று ஏன் சொன்னேன்?

ஒன்பது மணிக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். "கொழந்த எதுவும் சாப்பிடலையே?"

"இல்ல டாக்டர்" என்றார் கணவர், பாவம், நிஜமாகவே தெரியாமல். நான் வாயே திறக்கவில்லை. சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும். எல்லார் முன்னாலும் மானம் போகும். சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ தெரியாது. டாக்டரம்மா மகளிடம் குனிந்தார். "நீ சொல்லு பாப்பா, காலைல எதாவது சாப்ட்டியா?"

அவள் என்னைப் பார்த்தாள். "அம்மா, சொல்லட்டா?"

நானே சொன்னேன்.

டாக்டரம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "மயக்கத்துல வாந்தி வந்தா நுரையீரலுக்குள்ள போயிடும்மா. மூச்சே நின்னுடலாம். கண்ணு, மூளைன்னு அவ்ளோ கேட்டீங்களாமே, இத ஒரு வார்த்த கேக்கலையா?"

டாக்டர் கையிலிருக்கும் கத்திக்கு அத்தனை பயந்தவள், ஆபத்தை என் கையாலேயே ஊட்டியிருக்கிறேன். சுவரில் சாய்ந்து அழுதேன். ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு என்னை விட்டு முன்னால் நடந்தார்.

அடுத்த வாரம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதற்கு முன், அன்று காலை, டாக்டரம்மா மறுபடி வந்தார். என்னையும் கேட்கவில்லை, கணவரையும் கேட்கவில்லை. நேராகப் போய்க் கட்டிலில் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, எதாவது சாப்பிட்டாயா என்று அவளைத்தான் கேட்டார். அவளும் என் பக்கம் திரும்பாமலே பதில் சொன்னாள்.