நான் வெட்டிய பதினொரு பக்கங்கள்

நான் பொய் எழுதினேன். தவறுதலாக அல்ல, தெரிந்தே எழுதினேன்.

நீங்கள் அந்தப் புத்தகத்தை வாசித்திருக்கக்கூடும். ஒரு சோவியத் ஜெனரலின் வாழ்க்கை வரலாறு. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை... எழுதியது போதும்!

செருப்புத் தைப்பவரின் மகன். பதினேழு வயதில் குதிரைப்படையில் சேர்ந்தார். போருக்கு முன்பு சொந்த அரசே அவரைச் சிறையிலடைத்துப் பற்களை உடைத்தது. ஜெர்மானியர் படையெடுத்ததும் அதே அரசு அவரை வெளியே எடுத்து ஒரு படையைக் கையில் கொடுத்தது. குளிர்காலம் முழுவதும் ஓர் ஆற்றங்கரையை விட்டுக்கொடுக்காமல் காத்தார். பிறகு பெர்லின்வரை போனார்.

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊரில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, டேனிஷ் நூலொன்றைப் பார்த்து அதைத் தமிழில் எழுதினேன். தோற்ற போரிலிருந்து வந்தவன் நான். வென்ற தளபதி ஒருவர் எனக்கு வேண்டியிருந்தார். கறையே இல்லாத ஒருவர்!

கறை இருந்தது. டேனிஷ் நூலில் பதினொரு பக்கங்கள். அந்த ஆற்றங்கரையில், நிலையை விட்டு ஓடிய தன் வீரர்கள் மூவரை மற்றவர்கள் பார்த்திருக்கச் சுட்டுக்கொல்லச் சொன்னார்.

அந்தப் பக்கங்களை வெட்டினேன். அதோடு நின்றேனா? தன் வீரன் ஒருவன்மீதும் அவர் கைவைத்ததில்லை என்று நானாகவே ஒரு வரி சேர்த்தேன். யார் கேட்டார்கள் என்னை?

வெளியீட்டு விழாவில் கைதட்டினார்கள். கூட்டம் கலைந்த பின் மலர் வந்தார். ஓகூஸ் நகரில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவர். ஊரில் நடந்த போரில் அவருடைய தம்பி, காவலரணை விட்டு ஓடினான் என்று சொந்தப் பக்கத்தாராலேயே சுடப்பட்டவன். அது எனக்குத் தெரியும். தெரியும்!

“அண்ணை, உண்மையாவே அந்த மனிசன் தன்ர ஆக்களில ஒருத்தரையும் சுடேல்லையோ?”

“ஓம் மலர். ஒருத்தரையும் சுடேல்லை.”

அவர் அழுதார்.

“அப்ப சுடாமலும் சண்டை பிடிக்கலாம்தானே. என்ர தம்பியைச் சுட்டுத்தான் ஆகவேணும் எண்டு இல்லைத்தானே.”

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நானோ அவருடைய பிரதியில் கையெழுத்துப் போட்டேன்!

இந்த வருடம் மலரின் மகள் நூலகத்தில் அந்த டேனிஷ் நூலை எடுத்து வாசித்திருக்கிறாள். இங்கே பிறந்த பிள்ளை. தொலைபேசியில் கேட்டாள்: “அங்கிள், அவர் சுட்டது உங்கட புக்கில ஏன் இல்லை?”

என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன். போரைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று அந்தப் பிள்ளைமீது கத்தினேன்!

மலர் தொலைபேசியை வாங்கினார். குரல் உயரவே இல்லை.

“அவங்கள் என்ர தம்பியைச் சுட்டாங்கள், அண்ணை. பிறகு அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை எண்டாங்கள். நீங்களும் அதைத்தானே சொல்லியிருக்கிறியள்.”

வைத்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம். ஜெனரல்மீது, கைதட்டியவர்கள்மீது, கைதட்டலுக்குக் குனிந்த என் தலைமீது! அந்தப் பதினொரு பக்கங்களையும் ஒரே வாரத்தில் தமிழாக்கினேன். ஓகூஸுக்குக் காரோட்டிப் போய் மலரிடம் நீட்டினேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே கடைசிவரை வாசித்தார்.

“இந்த மூண்டு பெடியளின்ர பேர் என்ன?”

“அது... எழுதேல்லை.”

தாள்களைத் திருப்பித் தந்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பெயர்கள் டேனிஷ் நூலில் இருந்தன. தமிழில் எழுதச் சிரமம் என்று, இந்த முறையும் நான்தான் விட்டிருந்தேன்.