இடுப்புக்குப் பின்னால் ஒரு கை

எங்கள் வாஷிங் மெஷினின் டிரையர், தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுவதுபோல் சத்தம் போட்டது. அதைப் பார்க்க வந்த மெக்கானிக்கை எனக்குப் பிடிக்கவில்லை. ஒல்லி உடம்பு, மழிக்காத முகம். தேனியிலிருந்து கம்பத்துக்குத் தாமதமாக வந்ததுமில்லாமல், வாசலிலேயே நின்று மோதிரம், வாட்ச், கைக்கயிறு எல்லாவற்றையும் நிதானமாகக் கழற்றிப் பையில் போட்டார். இடது கையை இடுப்புக்குப் பின்னால் மடக்கிக்கொண்டுதான் மெஷினிடம் போனார்.

"ஓட்டிக் காட்டுங்கக்கா."

ஓட்டினேன். பிறகு தினமும் செய்வதுபோல் மூடியைத் திறந்து, துணியை எடுக்கக் கையை நீட்டினேன்.

"ஏய், கைய எடு!"

"யாரப் பாத்து ஏய்ங்கிற? என் வீட்டுக்குள்ள வந்து என்னையவே அதட்டுறியா?"

அவர் தோள் துண்டின் நுனியை, இன்னும் சுற்றிக்கொண்டிருந்த டிரம்முக்குள் விட்டார். துண்டு அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், கண் இமைப்பதற்குள் கயிறாக முறுக்கிக்கொண்டது. என் கை இருந்த இடம் அது.

"தொறந்ததும் நிக்கணும்க்கா. பிரேக்கு தேஞ்சுபோச்சு. அதான் சத்தம்."

டிரையரைத் திருகும் குமிழைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"அத எதுக்கு எடுக்குற?"

"புது பிரேக்கு மாட்டுறவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். இங்கன விட்டுட்டுப் போனா ஓட்டிருவீக."

"யாருக்காச்சும் கை போயிருச்சா?" என்று கேட்டேன்.

அவர் மோதிரத்தை எடுத்து மாட்டப் பார்த்தார். பாதி விரலில் நிறுத்திக் கழற்றினார். மறுபடியும் பையிலேயே போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பிரேக்கை மாற்றிக் கொடுத்த அன்றும் இடது கையை இடுப்புக்குப் பின்னால் வைத்தபடியேதான் ஓட்டிப் பார்த்தார். யாருடைய கை போனதைப் பார்த்தாரோ, எனக்குத் தெரியாது. மூடியைத் திறந்தால், டிரம் நிற்கும்வரை என் கைகள் இரண்டும் இன்றும் இடுப்புக்குப் பின்னால்தான் இருக்கின்றன.