வெள்ளை மட்டும்தான்னு சொன்ன வைத்தி சார்

வைத்தி சார் இன்னிக்குக் காலைல போயிட்டாரு.

திருமானூர்லேர்ந்து அவர் பையன் போன் பண்ணாரு. ரெட்டிபாளையத்துல சிமெண்ட் ஆலை லேப்ல வேலையா இருந்தேன்.

தெரியாதவங்களுக்காக சொல்றேன். அரியலூர்ல டைப்பிஸ்ட்டா இருந்து ரிட்டயர் ஆனவர். எண்பத்தாறு வயசு. எங்க நாய் வளர்ப்பு சங்கத்துல ரொம்ப வருஷம் ஷோ ஜட்ஜ்.

ராஜபாளையம் நாய்னா உடம்பு பூரா வெள்ளையா இருக்கணும். வேற கலர்ல ஒரு திட்டு இருந்தாலும் சேத்துக்கக் கூடாது... சங்கத்து விதி அது. அதுல ஒரு நூல் விட மாட்டாரு சார்.

நான் அவரை முதல்ல பாத்ததே அப்படித்தான். பெரம்பலூர் ஷோவுக்கு என் நாய் முத்துவைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அப்பா அம்மா ரெண்டும் வெள்ளை, இவனுக்கு மட்டும் முதுகுல உள்ளங்கை அளவு செவலைத் திட்டு.

ரெண்டு சுத்து சுத்திப் பாத்தாரு. "கால் சுத்தம், நெஞ்சு சுத்தம், நடை பிரமாதம். கலர்தான் ஆகாது. ஓரமா நில்லும்மா."

எல்லார் முன்னாடியும்... ரெண்டு வருஷம் அவர்கிட்ட நான் பேசல.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, பஸ் புடிச்சு எங்க வீட்டுக்கே வந்து நின்னாரு. கையில காய்கறிப் பை. உள்ள ஒரு நாய்க்குட்டி. பாதி உடம்பு வெள்ளை, பாதி செவலை.

"என் ராணி போட்டதும்மா. ரெண்டு பக்கமும் மூணு தலைமுறை வெள்ளை. நானே பாத்துப் பாத்து சேத்தது."

எனக்கு வாய் சும்மா இருக்கல. "அப்ப இதையும் ஓரமா நிறுத்த வேண்டியதுதானே சார்?"

கோவப்படல. குடிக்கத் தண்ணி கேட்டாரு. குடிச்சிட்டு சொன்னாரு...

"எனக்கு அப்ப ஏழு வயசும்மா. வெள்ளைக்காரன் இருந்த காலம். அப்பா தெக்க இருந்து ஒரு ஜோடி வாங்கியாந்தாரு. முத ஈத்துல ரெண்டு குட்டி செவலை. வெளில தெரிஞ்சா மானம் போயிரும்னு கொள்ளிடத்துக்குக் கிளம்பினாரு. குட்டி ரெண்டையும் வச்ச கூடையைத் தூக்கிட்டுப் போனது நான்."

"அப்புறம்?"

"அன்னிக்குத் தண்ணி நிறையப் போச்சும்மா."

கொஞ்ச நேரம் குட்டியைத் தடவிட்டு இருந்தாரு. "அப்பா செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டே இருந்துட்டேன். இத்தன வருஷம்."

அடுத்த மாசம் பெரம்பலூர்ல சங்கக் கூட்டம். மைக் பக்கத்துல மேசை மேலயே குட்டியை இறக்கி விட்டாரு சார். செயலாளர் பதறிப் போயி, "சார், நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரியாதே" ன்னாரு.

"அதுக்குத்தான் கொண்டாந்தேன். இங்க உக்காந்திருக்க எத்தன பேர் வூட்ல கலர் குட்டி பொறந்திருக்கு? அதெல்லாம் எங்க போச்சு?"



சிறுவாச்சூர்லேர்ந்து வர்ற செல்வம் அண்ணன்தான் எழுந்தாரு. நல்ல நாய்ங்க வச்சிருக்கவர். "இன்னிக்கு ஒரு திட்டை விட்டா நாளைக்குத் தெருநாயைக் கொண்டாந்து ராஜபாளையம்பான் சார். வாங்குறவன் எதை வச்சு நம்புவான்?"

"நியாயமான பயம்தான் தம்பி. அப்பா அம்மா யாருன்னு எழுதி வை. கலரை வச்சு முடிவு பண்ணாத. சுத்த வெள்ளை சுத்த வெள்ளைன்னு சேத்து, நம்ம குட்டிங்க எத்தனைக்குக் காது கேக்கலன்னு உனக்கே தெரியும்."

கலர் விதியை எடுத்துரலாமான்னு ஓட்டுக்கு விட்டாங்க. சாரோட சேத்து நாலே கை. என் கையும் ஒண்ணு.

சட்டைல குத்தியிருந்த ஜட்ஜ் பேட்ஜைக் கழட்டி மேசைல வச்சாரு. "யார் மேலயும் கோவம் இல்லங்க. இனிமே என்னால ஓரமா நில்லுன்னு சொல்ல முடியாது, அவ்ளோதான்."

குட்டிக்கு செம்பின்னு பேர் வச்சு அவரே வளத்தாரு. ஒவ்வொரு ஷோவுக்கும் கூட்டிட்டு வந்து, ஷோ நடக்குற இடத்தைச் சுத்திக் கட்டின கயித்துக்கு வெளில, கலர் நாய் வச்சிருக்க எங்களோட நிப்பாரு. வெயில்ல நிக்காதீங்க சார்னா கேக்கவே மாட்டாரு. "உள்ள சேர்ல உக்காந்து பாத்தப்ப இவ்ளோ நல்லாத் தெரியலம்மா" ன்னு சிரிப்பாரு.

விதி இன்னும் மாறல. போன வருஷமும் ஓட்டுக்கு விட்டாங்க... கை கொஞ்சம் கூடுச்சு. பத்தல.

மூணு மணிக்கு எடுக்குறாங்க. லீவு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். கூட்டம்... நின்னுக்கிட்டேதான் டைப் பண்றேன்.

இப்பதான் செல்வம் அண்ணன் போன் பண்ணாரு. அவரும் கிளம்பிட்டாராம். "செம்பி என்ன பண்ணுதுன்னு கேட்டியாம்மா?" ன்னாரு. கேக்கலண்ணே, போய்ப் பாத்துக்கலாம்னேன்.

நல்லபடியாப் போங்க சார்.