தேன் கிண்ணம் பிடித்த பெண்ணைத் தேடுகிறோம்

இன்றைக்கு ஓப்ஸே அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். வந்த கையோடு எழுதுகிறேன். மனசு ஆறவே இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நைரோபி ஈஸ்ட்லீயில் பித்தீனா ரொட்டி சுட்டு விற்றுப் பிழைக்கும், எத்தியோப்பியாவிலிருந்து வந்த எங்கள் ஒரோமோ பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் இவரும் ஒருவர். ஒற்றை அறை, வாசலில் புளித்த மாவு வாளிகள், நடுவில் அகலமான வட்டக் கல். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி மாவை ஊற்றிக்கொண்டே நடுவுக்கு வருவார், ஒரு சொட்டு வெளியே சிந்தாது. தொலேஷி என்று அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் பிள்ளை வந்த பிறகு எங்களில் யார் ஒரு பெண்ணை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? ஓப்ஸே அம்மா, அவ்வளவுதான். இரண்டுமே நான் மாற்றி வைத்த பெயர்கள். காரணம் பின்னால் தெரியும்.

ஓப்ஸே அவர் வயிற்றில் பிறந்தவள் இல்லை.

இதை எழுதும்போதே கூசுகிறது. எங்கள் வழக்கத்தில் இதைச் சொல்லவே கூடாது. குடிஃபச்சா என்கிற தத்துச் சடங்கு செய்து எடுத்த பிள்ளை, பெற்ற பிள்ளையேதான். எனக்கும் இதை ஓப்ஸே அம்மா சொல்லவில்லை. பக்கத்து அறை அஸ்லியா சொன்னார். அவர் சொந்த நாட்டில் இவர்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். நடந்ததைக் காதால் கேட்டவர், கண்ணால் பார்த்தவர் இல்லை.

அங்கே வொல்லெகாவில், பெரிய அத்தி மரத்தடியில், ஊர்ப் பெரியவர் முன்னால் நடந்திருக்கிறது. தொலேஷி கட்டைவிரலைத் தேனில் தோய்த்து, தாயில்லாத ஒரு கைக்குழந்தையின் வாயில் வைத்தார். "இவ எலும்பு உன் எலும்பு, இவ ரத்தம் உன் ரத்தம்" என்று பெரியவர் ஆசீர்வதித்தார். இனி இதை யாரும் வேறு மாதிரிப் பேசுவதில்லை என்று சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சத்தியம் செய்தார்கள். தொலேஷி அந்தச் சத்தியத்தை இன்றுவரை காப்பாற்றுகிறார். கணவரைச் சிப்பாய்கள் கொண்டுபோனார்கள். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மொயாலே வழியாகக் கென்யா எல்லை தாண்டினார். வழியில் எத்தனையோ பேர் கேட்டார்கள். என் மகள் என்றார்.

போன வருஷம் கனடாவுக்கு அனுப்பும் பட்டியலில் இருவர் பெயரும் வந்தது. அகதிகள் அலுவலகத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"நீ பெத்த பிள்ளையான்னு கேட்டாங்க. ஆமான்னேன்" என்றார் ஓப்ஸே அம்மா, கல்லைத் துடைத்துக்கொண்டே.

"நான் அப்பவே தலையில அடிச்சுக்கிட்டேன்" என்றார் அஸ்லியா. "அவங்களுக்கு நம்ம சத்தியம் கித்தியமெல்லாம் தெரியாதுடி, உள்ளதைச் சொல்லிடுன்னு. கேட்டாளா?"

"உள்ளதைத்தானடி சொன்னேன்."

"ஆமா, பெரிய ராணி. அப்புறம் குச்சியை எடுத்துக்கிட்டு வந்தாங்கல்ல?"

கன்னத்துக்குள் குச்சியால் தேய்த்து எடுத்து, தாயும் மகளுமா என்று பார்க்கும் சோதனை அது. "பயந்திருப்பீங்களே" என்றேன்.

"எதுக்குக் கண்ணு பயம்? வாயை ஆன்னு திறந்தேன். ரத்தம் ஒண்ணுன்னு பெரியவர் சொல்லியிருக்காரு. அவர் மழை வரும்னு வாழ்த்தினா மழை வந்திருக்கு. இது மட்டும் வராதா?"

"பஞ்சு சுத்தின குச்சிக்கு உன் பெரியவரைத் தெரியாதே, தாயி."

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு நின்றதும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ரத்தம் ஒத்துப்போகவில்லை. பொய் சொன்னார் என்று கனடா பயணத்தை நிறுத்திவிட்டார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். யாருடைய பிள்ளையையோ கடத்தி வந்திருப்பாரோ என்று இப்போது சந்தேகப்படுகிறார்கள். அடுத்த மாதம் ஓப்ஸேயைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கப்போகிறார்கள். உன் அம்மா உன்னைப் பெறவில்லை என்று முன்பின் தெரியாத ஒருவர் அவளிடம் சொல்லப்போகிறார். விசாரணை முடியும்வரை அவளைப் பிள்ளைகள் விடுதியில் வைத்தாலும் வைப்பார்களாம். அவர்களைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளை விற்கிறவர்களும் இந்த எல்லையில் நடமாடத்தானே செய்கிறார்கள்?

போன வாரம் இலவச சட்ட உதவி மையத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். வக்கீல் இளைஞர், நல்லவர், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"குடிஃபச்சாவை எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம்மா. ஆனா கண்ணால பார்த்தவங்க ஒருத்தராவது வேணும். இல்லேன்னா நீங்களே உங்க வாயால, நான் பெறலைன்னு சொல்லணும்."

ஓப்ஸே அம்மா எழுந்துவிட்டார். "அது என்னால ஆகாது, தம்பி."

"சொன்னாத்தாம்மா பிள்ளை உங்ககிட்ட இருக்கும்."

"சொன்ன பிறகு எந்தப் பிள்ளை?"

வக்கீல் பேனாவை மூடி வைத்தார். திரும்பி வரும் வண்டியில் பாட்டுச் சத்தம் காதைக் கிழித்தது. நல்லவேளை, பேச வேண்டியிருக்கவில்லை.

இன்றைக்கு இதைத்தான் மறுபடி பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் ஓப்ஸே பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். பையை எறிந்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"யாராவது செத்துட்டாங்களா? ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?"

சொல்லிக்கொண்டே சூடான பித்தீனாவின் ஓரத்தைப் பிய்த்தாள். அம்மா அவள் கையில் ஒரு தட்டுத் தட்டினார். "கை கழுவுடி, பிசாசே!"

"கனடால கை கழுவினா தண்ணி கையிலேயே உறைஞ்சிடுமாம்மா? டீச்சர் சொன்னாங்க."

"அங்க போய்ப் பார்த்துக்கலாம்."

"எப்பம்மா கூப்பிடுவாங்க?"

"கூப்பிடுவாங்க."

அஸ்லியா காலி வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த மரத்தடியில் நின்றவர்களில் பெரியவர் இறந்துவிட்டார். கணவரைப் பற்றித் தகவலே இல்லை. மற்றவர்கள் சிதறிப்போனார்கள். ஒருத்தியைப் பற்றி மட்டும் ஒரு பேச்சு காதில் விழுகிறது. அன்று தேன் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற இளம்பெண். அவள் கெய்ரோவில் இருப்பதாக ஒருவர் சொல்கிறார், அமெரிக்கா போய்விட்டதாக இன்னொருவர். அவள் பெயர் ஓப்ஸே அம்மாவுக்குத் தெரியும். எழுத வேண்டாம் என்றார். "அவளும் யாருக்குப் பயந்து எங்க ஒளிஞ்சிருக்காளோ." இந்தப் பெயரையும் சொல்லக் கூடாது, அந்தப் பெயரையும் சொல்லக் கூடாது. பெயரே இல்லாமல் ஒருத்தியை உலகம் முழுக்க எப்படித் தேடுவது? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது இதை எழுதுவது மட்டும்தான். எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "நான் சொன்னதா எழுதாதே, நீ சொன்னதா எழுது" என்றார்.

கிண்ணம் பிடித்த பெண்ணே, உனக்குத்தான் இது. பெயர் இல்லாமலே உனக்குத் தெரியும். அன்று உன் கை நடுங்கி, புது உடுப்பில் தேன் கொட்டியது. பெரியவர் அதட்டினார். குழந்தை கட்டைவிரலை விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டது, ஆசீர்வாதத்தின் நடுவிலேயே எல்லோரும் சிரித்துவிட்டீர்கள். அந்தக் குழந்தைதான் இவள். நீ பார்த்ததை வந்து சொன்னால் போதும், அவள் அம்மா எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

படிக்கிறவர்கள் தயவுசெய்து இதை வொல்லெகாக்காரர்கள் இருக்கும் எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புங்கள். கெய்ரோவுக்கு, மினியாபோலிஸுக்கு, மெல்பர்னுக்கு, எங்கே இருந்தாலும். அந்த மரத்தடியில் நின்ற வேறு யாராவது நைரோபியில் இருந்தால் எனக்கு ஒரு வரி போடுங்கள், நானே கூட்டிப்போகிறேன். ஒன்று மட்டும். உள்ளே வந்ததும் பித்தீனா வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு தேனைப் பற்றிப் பேசலாம்.