அறுப்புக்கு முந்தின தண்ணீர்

அனுமந்தன்பட்டி பெனிஷா சென்னைக்குப் போகாமல், கம்பத்திலேயே செல்வின் நடத்தும் சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதச் சேர்ந்தவள். தோட்டத்து மோட்டாரைப் போனிலிருந்தே ஓட்டி நிறுத்தும் ஆப் எழுதினாள். மோட்டாரை அந்த ஆப்போடு இணைக்கும் முதல் பெட்டியை அப்பா ஆரோக்கியசெல்வத்தின் திராட்சைத் தோட்டத்தில்தான் மாட்டினாள். மகள் சொன்னால் போதும் அவருக்கு, மறுபேச்சுக் கிடையாது.

எழுதியது ஜாவாஸ்கிரிப்டில். அது எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, தன் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளும் மொழி.

"டைப்ஸ்கிரிப்டுக்கு மாத்திருவோம் சார். எங்கன என்ன வகை வரணும்னு எழுதி வச்சா, மாறி வந்தா அப்பவே காட்டிக் குடுத்துரும்" என்று செல்வினிடம் மன்றாடினாள்.

"அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரக செய்யிறதும்மா. வெள்ளிக்கெழமைக்குள்ள ஆப்புல புதுத் திரைய ஏத்து."

ஏற்றினாள். அவசரத்தில் மோட்டாரை ஓட்டிப் பார்த்தாளே தவிர, நிறுத்திப் பார்க்கவில்லை.

அறுப்பு நெருங்கினால் திராட்சைக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். அப்பாவும் அளவாகப் பாய்ச்சி, போனில் நிறுத்திவிட்டுக் குமுளிக்குக் கல்யாணத்துக்குப் போனார். திரை 'நின்றது' என்றது. ஆனால் 'ஓடவா' என்று கேட்கும் மோட்டாருக்குப் போனது 'இல்லை' என்ற பதிலல்ல, 'இல்லை' என்று எழுதிய வெறும் எழுத்து. எழுத்து என்று ஒன்று இருந்துவிட்டால் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது 'ஆம்'தான். என்ன இழவு மொழியோ! அவர் திரும்பி வரும்வரை மோட்டார் ஓடியது. பந்தலடியெல்லாம் சேறு. அடுத்தடுத்த நாளில் பழம் வெடித்தது. வாங்க வந்த வியாபாரி ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

"பெனிஷா எழுதுனதுங்க" என்று தோட்டத்தில் கூடிய எல்லார் முன்னாலும் கைகழுவினான் செல்வின்.

அன்றைக்கே யாரையும் கேட்காமல் அந்தத் திரையின் புரோகிராமை டைப்ஸ்கிரிப்டுக்கு மாற்றினாள். மோட்டாருக்கு ஆம், இல்லை தவிர வேறெதுவும் போகக்கூடாது என்று எழுதியதுதான் தாமதம், அந்தப் பாழாய்ப்போன வரிக்கடியில் தப்பு என்று சிவப்புக்கோடு விழுந்தது. இவ்வளவுதானா என்று அந்த வரியைத் திருத்தினாள்.

இப்போது ஆப்பில் ஒரு குறையும் இல்லை. போன வாரம் அப்பா அவள் எதிரிலேயே போனில் மோட்டாரை நிறுத்தினார். 'நின்றது' என்றது திரை. அவர் செருப்பை மாட்டினார்.

"நின்னுருச்சுப்பா. நானே சோதிச்சுட்டேன்."

"இருக்கட்டும் ஆத்தா. ஒரு எட்டு அங்கன போயி பாத்துட்டு வந்துர்றேன்" என்று மோட்டார் ரூமைப் பார்க்க நடந்தார்.