மூச்சை அடக்கிய போட்டோக்காரர்

பாஸ்போர்ட் போட்டோவுக்காக நான் நுழைந்த கடத்தூர் ஸ்டுடியோவின் சுவர் முழுக்கக் கடல். ஆமை, பவளப்பாறை, விளக்குபோல் மிதக்கும் ஜெல்லிமீன். எல்லாம் அந்தப் போட்டோக்காரர் ராமேஸ்வரம் பக்கம் மூழ்கி எடுத்த படங்கள். வெயிலில் கறுத்த அவர் முகத்தில் நீச்சல் கண்ணாடியின் தடம் மட்டும் வெளுத்திருந்தது.

எந்தப் போட்டோவிலும் கண்ணை மூடிவிடுபவன் நான். அன்றும் மூன்று முறை மூடினேன். அவர் சலித்துக்கொள்ளவில்லை. கேமராவோடு மூச்சை அடக்கி நின்றார்.

“எதுக்குங்க மூச்சைப் புடிக்கறீங்க?”

“பழக்கங்க. தண்ணிக்குள்ள ஒரு குமிழி வுட்டாலும் ஆமை திரும்பிப் போயிடுதுங்க. அதுவா நம்மளைப் பாக்கற வரைக்கும் சும்மா இருக்கணுங்க.”

அறைக்குள் மெல்ல நீலம் நிறைவதுபோல் இருந்தது. நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அப்போதுதான் அழுத்தினார்.

அந்தப் படத்தில் என் கண்கள் திறந்திருக்கின்றன. என் முகத்துக்காக அதற்கு முன் யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.